கொல்லையில் புதைக்கச் சொன்னவர்

என் கணவர் ஜெர்மனிக்காரர், விவசாயி. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. வெள்ளைக்காரர் என்றால் மாமல்லபுரத்தில் சிற்பம் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிட வேண்டும். இவரும் அப்படிப் பார்க்க வந்தவர்தான். கடற்கரைப் பக்கம் ஒரு விடுதிச் சமையல்கட்டில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். அவர்கள் ஊர்ப் பண்ணை முழுவதும் அண்ணனுக்குப் போய்விட்டதாம். நிலம் இல்லாத விவசாயி என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். கல்யாணம் செய்துகொண்டோம்.

திருக்கழுக்குன்றம் போகும் வழியில் அப்பாவுக்குக் கொல்லை இருந்தது. வேலிக்காத்தான் மண்டிக் கிடந்த மானாவாரி நிலம். அதை என் பெயரில் எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன்.

"வெள்ளக்காரன கட்டிக்கினவளுக்கு இன்னாத்துக்கு நெலம்? பயிர் வெச்சுத் துன்னுங்க, போதும்" என்றார் அப்பா. மொத்தத்தையும் தம்பி பெயரில் எழுதினார். என் கணவர் மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, சரி என்றார். அந்தச் சரியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

முள்ளை வெட்டி, வேரைத் தோண்டி, கிணற்றை ஆழப்படுத்தி, அந்த இடத்தை நிலமாக்கியவர் அவர். வேர்க்கடலை, கத்தரி, இரண்டு மாடு. செங்கல்பட்டு சந்தைக்குப் பேருந்தில் அவரே மூட்டை ஏற்றிக்கொண்டு போவார். தமிழை நடவுக்கு வந்த பெண்களிடம் கற்றுக்கொண்டதால் எங்களை விடக் கொச்சையாகப் பேசுவார்.

தங்கமான மனுஷன் என்று ஊரில் சொல்வார்கள். கூட வாழ்ந்தவள் நான். வேலைக்கு ஆள் தாமதமாக வந்தால் கத்துவார். மாலையில் வீடு வந்தால் பேச்சே இருக்காது. அவர் அம்மா இறந்த செய்தி கடலை பிடுங்கும் நேரத்தில் வந்தது. ஊருக்குப் போகவில்லை. மோட்டார் கொட்டகையில் தரையில் உட்கார்ந்தே அந்தப் பகல் முழுவதையும் கழித்தார். நான் கொண்டுபோன சோறு அப்படியே இருந்தது.

அவர் சாவு மழையில் வந்தது. கத்தரிச் செடிகள் மூழ்கிவிட்டன என்று முழங்கால் தண்ணீரில் நின்று வாய்க்கால் வெட்டினார். அடுத்த வாரம் காய்ச்சல்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், கெளம்பு" என்றேன்.

"இன்னாத்துக்கு? சொரம்தான, போயிடும். தண்ணி வடியட்டும்."

கண் மஞ்சளான பிறகுதான் ஆட்டோவில் ஏறினார். எலிக்காய்ச்சல் என்றார்கள், சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார்கள். நினைவு இருந்தபோது என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "என்ன கொல்லையிலயே பொதச்சிடு. அந்தக் கெணத்துப் பக்கம்."

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தம்பியிடம் அதைச் சொன்னேன். வாசலில் நின்ற பங்காளிகளைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்துப் போனான்.

"அக்கா, புரிஞ்சிதான் பேசுறியா? பொணம் பொதச்ச எடத்த எவன் வாங்குவான்?"

நிலத்துக்கு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தெரியும். உள்ளே அவர் படுத்திருந்தார். நகத்தில் சேறுகூடப் போகவில்லை.

"அது அவரு ஒழச்ச நெலம்டா" என்றேன்.

"ஒழச்சாரு, யாரு இல்லன்னாங்க? பத்திரம் எம்பேர்ல கீது."

ஜெர்மனியில் இருந்த அவர் அண்ணனுக்குப் போன் செய்தேன். என்ன நோய் என்று கேட்டார். பிறகு, உங்கள் ஊர் வழக்கப்படி செய்துவிடுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். செங்கல்பட்டில் எரித்தோம். சாம்பலையாவது கொல்லைக்குக் கொண்டுபோக நினைத்தேன். தம்பி பானையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, மாமல்லபுரம் கடலில் கரைக்கும்வரை என் பக்கத்திலேயே நின்றான்.

அறுவடைக்கு நின்ற கடலையோடு நிலத்தை மட்டம் தட்டினார்கள். நான் கூடுவாஞ்சேரியில் ஓர் அறை எடுத்து, நாவலூர் பக்கம் ஓர் அலுவலகக் கேன்டீனில் சமைக்கிறேன்.

போன பொங்கலுக்குத் தம்பி கரும்போடு வந்தான். மனைகள் எல்லாம் விற்றுப்போய்விட்டனவாம். நல்ல சேதி சொல்வதுபோல் முகம் மலர்ந்து சொன்னான்: "மாமா பேருதாங்க்கா தூக்கி வுட்டுச்சு. நகருக்கு ஜெர்மன் கார்டன்னு பேர் வெச்சோம். வெள்ளக்காரன் பயிர் வெச்ச மண்ணுன்னா ஜனங்க நம்பி வாங்குது."

நான் எழுந்துபோய்க் காப்பி போட்டேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றான். குடித்து முடித்துவிட்டுப் போனான்.