சவுகான் சபதமும் தாப்புவின் முழங்காலும்

பீல்கட் கோட்டைக்கு நானூற்றுப் பன்னிரண்டு படி. தாப்பு எண்ணிச் சொன்னது அது. ஐம்பத்தோரு வருஷம் தலையில் குடத்தோடு ஏறியவள் சொல்கிறாள், வேறு யாராவது வேறு எண் சொன்னால் நம்பாதீர்கள்.

மேலே குளம் இல்லாமல் இல்லை. கோடையிலும் வற்றாது. ஆனால் ஒரு காலத்தில் கோட்டை சவுகான் குல ராஜபுத்திரர்களுடையது. ரத்தோர் குலத்தார் வந்து ஏழு மாதம் முற்றுகை போட்டார்கள். கடைசியில் எவனோ குளத்தில் மாட்டு ரத்தத்தைக் கலந்துவிட, நாக்கு வறண்டுபோன சவுகான்கள் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்து செத்தார்கள். தப்பிய பிள்ளைகள் சபதம் போட்டார்கள்: சவுகான் குலத்தில் பிறந்த யாரும் அந்தக் குளத்துத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. பின்னால் இரண்டு குலமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. சபதம் மட்டும் அப்படியே நின்றது. சபதம் போட்டவர்கள் யாரும் குடம் தூக்கவில்லை, அதைக் கவனியுங்கள்.

சவுகான் வீட்டு சுகன் கன்வர் ரத்தோர் மருமகளாக மேலே வந்தபோது, சீதனத்தோடு சீதனமாகப் பதினோரு வயது தாப்புவும் வந்தாள். அடிவாரக் கிணற்றிலிருந்து காலையில் ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம். நடுவில் தாப்புவுக்குக் கல்யாணம் ஆனது, இரண்டு பிள்ளை பிறந்தது, ஒன்று போனது, புருஷனும் போனான். குடம் நிற்கவில்லை. ஜாகீர் நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டதும் ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். கூரை சரிந்த அரண்மனையில், இப்போது எல்லோருக்கும் மாஜிசா, பெரிய அம்மா, ஆகிவிட்ட சுகன் கன்வரும் தாப்புவும் மட்டும் மிச்சம்.

ஹோலிக்கு முந்தி ஒரு நாள், நூறு படி மிச்சமிருக்கையில் தாப்புவின் வலது முழங்கால் மடங்கிவிட்டது. குடத்தை அங்கேயே விட்டுத் தவழ்ந்து வந்து சேர்ந்தாள். மறுநாள் வேறு குடம் எடுத்துக் குளத்தில் மொண்டாள். மாஜிசாவிடம் சொல்லவில்லை. தப்பா சரியா என்று யோசிக்கவுமில்லை. யோசிக்கவும் தெம்பு வேண்டுமே.

நாற்பதாம் நாள் கோர்தன் ராவ் வந்தார். சவுகான் குலத்து வம்சாவளி எழுதுகிறவர். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பிறப்பு, சாவு எல்லாம் எழுதுவார். கடைசியில் தண்ணீர் சுமக்கிறவளைக் கூப்பிட்டு, ஏட்டின்மேல் கைவைக்கச் சொல்லி, சபதம் நிற்கிறதா என்று கேட்பார். தாப்பு பத்துத் தடவை சொல்லியிருக்கிறாள், நிற்கிறதென்று.

"சீக்கிரம் வா தாப்பு. உங்க படி ஏறியே பாதி உசுரு போயிருச்சு."

"ஒரு தடவை ஏறினதுக்கேவா ராவ்ஜி?"

திரைக்குப் பின்னால் மாஜிசா சிரித்தார்.

"கைய வை. சபதம் நிக்குதா?"

ஏட்டுக்கு ஒரு விரல் மேலே தாப்புவின் கை நின்றது. செத்தவர்கள் அத்தனை பேரும் அதற்குள் இருந்தார்கள். கையை இழுத்துக்கொண்டாள்.

"நிக்கல. நாப்பது நாளா குளத்துத் தண்ணிதான் குடுத்தேன்."

"அடிப்பாவி!" ராவ் பதறினார். "எத்தனை தலைமுறை வாக்கு! முடியலன்னா சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"சொன்னா யாரு சுமப்பா? நீங்களா?"

திரை விலகியது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மாஜிசா வெளியே வந்தார். "குடத்தைக் குடுடி."

"மாஜிசா, என்னால இனிமே..."

"உன்னை யாரு கூப்பிட்டா? என் குலம், என் சபதம். நானே கொண்டாறேன்."

வந்த நாளிலிருந்து வாசல் தாண்டாதவர். காலிக் குடத்தோடு இருபத்தாறு படி இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தாப்பு பின்னாலேயே நொண்டி இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே கிணறு ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

"தெனமும் ரெண்டு தடவையாடி?"

"ரெண்டு தடவை."

"காய்ச்சல்லயுமா?"

"எனக்குக் காய்ச்சல்னா உங்களுக்குத் தாகம் எடுக்காதா?"

மாஜிசா காலிக் குடத்தைப் பக்கத்துப் படியில் வைத்தார். பிறகு மேலே நின்ற ராவைப் பார்த்துச் சொன்னார்: "எழுதுங்க ராவ்ஜி. சபதத்தை சுகன் கன்வர் முறிச்சுட்டா. தெரிஞ்சே முறிச்சுட்டா."

"பொறந்த வீட்டு அண்ணன்மாரைக் கேக்காம எப்படி மாஜிசா..."

"அண்ணன்மாரைக் குடத்தோட வரச் சொல்லுங்க."

ராவ் படியிலேயே உட்கார்ந்து எழுதினார்.

ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு கிழவிகள் மேலே ஏறினார்கள். நாலு இடத்தில் நின்றார்கள். மாஜிசா குளத்துத் தண்ணீரைக் கேட்டு வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். தாப்பு காலை நீட்டிப் படுத்தாள். வெயில் சாய்ந்ததும் அவள் உடம்பு தானாக எழுந்து உட்கார்ந்துகொண்டது. இனிப் போக வேண்டாம் என்று அதற்குச் சொல்லிச் சொல்லித்தான் திரும்பப் படுக்கவைக்க வேண்டியிருந்தது.