அம்மா பிறந்த ஊர்

அமெரிக்காவில், எங்கள் எடிசன் நகரில் ஞாயிறுதோறும் தமிழ் ரேடியோ நடத்தும் அந்த அறிவிப்பாளரை எனக்குக் கட்டோடு பிடிக்காது. சாயம் பூசிய மீசை, தேன் தடவிய குரல். வந்த விருந்தினரிடம் முதலில் பூர்வீகம் கேட்பார். எந்த ஊரைச் சொன்னாலும், "எங்கம்மாவும் அந்தப் பக்கம்தாங்க" என்பார். அம்மாவின் பெயரைச் சொல்லி, ஏழு வயதில் அவரை இழந்த கதைக்குத் தழுதழுப்பார். அழுகை முடியுமுன் மசாலா விளம்பரத்தை விரல் தட்டிவிடும்.

பல் டாக்டரான என்னையும் ஒருநாள் பேட்டிக்கு அழைத்தார். நான் கரூர் என்றேன். அவருடைய அம்மாவும் உடனே கரூர்க்காரர் ஆகிவிட்டார். விளம்பரம் ஓடும்போது கேட்டே விட்டேன்: "போன வாரம் நாகர்கோவில்னீங்க. வெட்கமா இல்லையா சார்?"

மைக் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "அம்மா ஊர் எதுன்னே எனக்குத் தெரியாது டாக்டர். லவ் மேரேஜ். அப்பா கடைசிவரைக்கும் சொல்லல. அதான் ஒவ்வொரு ஊரா சொல்லிப் பாக்கறேன். அவங்க பேரைக் கேட்டு யாராவது கால் பண்ண மாட்டாங்களா?"

விளம்பரம் முடிந்தது. அதே தேன் குரலில் ஈறு வீக்கம் பற்றிக் கேட்டார்.

இன்றும் அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. ஆனால் ஒரு ஞாயிறும் விடாமல் கேட்கிறேன், இந்த வாரம் எந்த ஊர் என்று.