செவலையின் கெட்ட பழக்கம்

எங்கள் நாய் செவலை பீ தின்னும் என்ற உண்மை ஒரு மாங்காய்க் காலத்தில் வெளியானது. விடிந்ததும் மாங்காய்க் கொட்டகையைக் கூட்டப் போன அம்மா, துடைப்பத்தைப் போட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். விஷயம் தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் நினைத்துப் பார்த்தது ஒன்றைத்தான்: செவலை கடைசியாக நம்மை எங்கே நக்கியது? நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கன்னத்தில், அதுவும் தினமும். அம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய் அரப்புத் தூள் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் கன்னம் சாயங்காலம் வரை எரிந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஆறோ ஏழோ வயது. முதலமடைப் பக்கம் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. பறித்த காயைக் கொட்டகையில் வைக்கோல் பரப்பி அடுக்கி வைப்போம். இரவில் காவலுக்குச் செவலையை அங்கேதான் கட்டிப்போடுவார் அப்பா. கட்டிப்போட்ட நாய் அவசரத்துக்கு எங்கே போகும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. ஒருநாள் வைக்கோலிலேயே வெளிக்கு இருந்துவிட்டது. அன்றைக்கென்று காய் பார்க்க வந்த வியாபாரி அதை மிதித்துவிட்டார். அப்பா மூங்கில் குச்சியை எடுத்தார். அதற்குப் பிறகு வைக்கோல் எப்போதும் சுத்தமாகவே இருந்தது. அடி வேலை செய்கிறது என்று அப்பா பெருமைப்பட்டுக்கொண்டார். சுத்தம் எப்படி வந்தது என்பது அம்மா பார்த்த அன்றுதான் தெரிந்தது.

வைத்தியம் தொடங்கியது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னபடி கொட்டகை ஓரமெல்லாம் மிளகாய்ப் பொடி தூவினோம். வீட்டில் எல்லோரும் தும்மினோம், செவலையைத் தவிர. வேப்பெண்ணெய் ஊற்றினோம். கன்றுக்குட்டிக்குப் போடும் வாய்க்கூடையை மாட்டினோம். அதைச் செவலை புது நகை போட்டுக்கொண்டதுபோல வாலை ஆட்டிக்கொண்டு எல்லோரிடமும் காட்டியது. ராத்திரி குரைக்க முடியாமல் போய்விட, திருடன் ஒரு கூடைக் காயை அள்ளிக்கொண்டு போனான். அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"அடுத்த லோடு போறப்ப லாரியில ஏத்திப் பொள்ளாச்சிப் பக்கம் உட்டுட்டு வரச் சொல்லீர்றேன். போதும் இந்த நாயி" என்றார்.

நான் அத்தையிடம் ஓடினேன். அத்தை அப்பாவின் தங்கை. சித்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சித்திரைக்கு வந்தவள் திரும்பிப் போகாமல் இருந்தாள். மாமா வந்து கூட்டிப் போவார் என்று அப்பாவும், எப்போது வருவார் என்று அம்மாவும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பலகாரம் கட்டித்தர அம்மா அரிசிகூட ஊறப்போட்டுவிட்டாள். அத்தையோ பகலெல்லாம் கொட்டகையில் உட்கார்ந்து காய் பிரிப்பாள், செவலை அவள் காலடியில் படுத்திருக்கும்.

அன்று அப்பா கொட்டகைக்குள் நுழைந்ததுமே செவலை எழுந்து மூலைக்குப் போய் எதையோ அவசரமாக விழுங்கியது. அப்பா குச்சியை ஓங்கினார். அத்தை நடுவில் வந்து நின்றாள். அண்ணன் முன்னால் அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"ஏனுங்கண்ணா, அது ருசிக்குத் திங்குதுன்னா நெனச்சீங்க?"

"பின்னே எதுக்காமா?"

"உங்க செருப்புச் சத்தம் கேட்டாத்தானுங்க திங்குது. நீங்க பாத்தா அடிப்பீங்கல்ல, அதுக்குத்தான் இல்லாமப் பண்ணிப்போடுது."

அப்பா சிரித்தார். "நாய்க்கு அத்தன புத்தியா அம்மிணி?"

"புத்தியில்லீங்கண்ணா, பயமுங்க. பயம் வந்துட்டா எதைய வேணாலும் முழுங்கீரலாமுங்க. முழுங்கிட்டு வாலையும் ஆட்டலாம்."

அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. செவலையைப் பார்க்காமல் அத்தையையே பார்த்தார். கவிழ்த்துப் போட்டிருந்த கூடைமேல் மெல்ல உட்கார்ந்தார்.

"அம்மிணி, அங்க மாப்பிளே..." என்று ஏதோ கேட்க வந்தார்.

அத்தை குனிந்து வைக்கோலை ஒதுக்க ஆரம்பித்தாள். அப்பா எழுந்து போகும்போது குச்சியைக் கொண்டுபோய் அவரைக்கொடிக்கு ஊன்றினார்.

மறுநாளிலிருந்து விடிவதற்கு முன்பே அத்தை செவலையை அவிழ்த்துத் தோப்பின் கடைக்கோடிக்குக் கூட்டிப்போனாள். நானும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்னாலேயே போவேன். செவலை காரியத்தை முடித்ததும் அத்தை அதன் தலையைத் தடவி, "தங்கம்டி நீ" என்பாள், முந்தானையில் முடிந்துவந்த கருப்பட்டித் துண்டில் கொஞ்சம் கடித்துக் கொடுப்பாள். மிச்சம் எனக்கு. முதலில் செவலை நம்பவில்லை. திரும்பித் திரும்பி மோந்து பார்க்கும், எங்கள் முகத்தைப் பார்க்கும், காதை மடக்கிக்கொள்ளும். யாரும் அடிக்கவில்லை. மாங்காய்க் காலம் முடிவதற்குள் அந்தப் பழக்கமே அதற்கு மறந்துபோனது. அம்மா மட்டும் இன்னும் கொஞ்ச காலம் என் கன்னத்தை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி லாரி போன சில நாளில் மாமா வந்தார். எனக்கு மாமாவை ரொம்பப் பிடிக்கும். அழகாகப் பாடுவார். என்னைத் தோளில் தூக்கி உட்காரவைத்துத் தோப்பைச் சுற்றுவார். சித்தூர்க் கடை மிக்சர் வாங்காமல் வரவே மாட்டார். அன்றும் கையில் பொட்டலம் இருந்தது. நான் ஓடிப்போவதற்குள் அப்பா வேலிப் படலருகே போய்விட்டார். மாமாவை உள்ளே கூப்பிடவில்லை.

"அம்மிணி இங்கியே இருக்கட்டுங்க மாப்பிளே."

"எத்தன நாளைக்குங்க?"

"அவ வர்றேன்னு சொல்ற வரைக்கும்."

மாமா கொஞ்சம் சிரித்தார், பிறகு கொஞ்சம் சத்தம் போட்டார். அப்பா படலைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். கடைசியில் மாமா திரும்பிப் பஸ் வரும் பாதையில் நடந்தார், பொட்டலமும் அவர் கையோடு போனது.

நான் புரண்டு புரண்டு அழுதேன். இத்தனை நல்ல மாமாவை வாசலோடு அனுப்பிவிட்டாரே என்று அப்பாமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ராத்திரி சோறு வேண்டாம் என்றேன். மாமா பாவம், பசியோடு போயிருப்பார் என்றேன். அத்தைதான் என்னை மடியில் படுக்கவைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துவிட்டு, "ஆமா கண்ணு, பாவந்தான்" என்று தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்தாள்.