சத்திரத்தில் இறங்க மறந்தவள்

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் ஜன்னல் வழியாக ஈரக்காற்று முகத்தில் வந்து அடிக்கும்... முன் சீட்டுப் பெண்கள் வைத்திருக்கும் மல்லிகை வாசமும் ஆற்று மணலின் வாசமும் கலந்து வரும். எதிரே மலைக்கோட்டை பாதி பனிக்குள் இருக்கும். வேலைக்குப் போக ஆரம்பித்த புதிதில் என் காலைகள் எல்லாம் இப்படித்தான், பாதி தூக்கத்திலும் பாதி கனவிலும் போயின.

நான் ஸ்ரீரங்கத்தில் ஏறுவேன். அரியமங்கலத்தில் ஒரு பட்டறை ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. மலர் திருவானைக்காவலில் ஏறுவாள். காலேஜில் ஒரே பெஞ்ச் நாங்கள். அவளுக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில், பட்டுப்புடவை செக்‌ஷனில் வேலை. அவள் சத்திரத்தில் இறங்கிவிடுவாள். நான் பாலக்கரை வரை போய் வேறு பஸ் மாறணும்.

அந்தப் பயணத்தில்தான் கதை சொல்வேன். எழுதுவதற்கு முன்னால் மலரிடம் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். சத்திரம் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம்.

"பொழுதுக்கும் கடையில நின்னுகிட்டே இருக்கணும்டி. கதை நல்லா இருந்தா கேக்கறேன். இல்லன்னா தூங்கிடுவேன், கோச்சுக்காத."

பெரும்பாலும் தூங்கினாள்! ஊட்டி எஸ்டேட் பங்களா... லண்டனிலிருந்து வரும் டாக்டர்... மழையில் பிரியும் காதலர்கள்... ஊட்டியை நான் போட்டோவில்தான் பார்த்திருந்தேன். டாக்டர் பியானோ முன் உட்காருவதற்குள் அவள் தலை என் தோளில் சாய்ந்திருக்கும்.

நானும் விடாமல் அவற்றை எழுதி வார இதழ்களுக்கு அனுப்பினேன். கூடவே நம் விலாசம் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு கவரும் வைக்க வேண்டும். கதை பிடிக்கவில்லை என்றால் அதில் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அதனால் என் கையெழுத்திலேயே எனக்குத் தபால் வரும். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே, அப்பா கையில் சிக்குவதற்குள் வாங்கிவிட வாசலுக்கு ஓடுவேன்.

ஒருநாள் அப்பா அந்தக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"தை பொறந்ததும் மாப்பிள்ளை பாக்கப் போறேன். அதுக்குள்ள ஒரு கதையாவது வந்துச்சுன்னா நான் குறுக்க நிக்கல, எழுதிக்க. இல்லன்னா இதையெல்லாம் மூட்டை கட்டிடணும்மா."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எழுதாமல் எப்படி இருப்பேன் என்று நினைத்தாலே அழுகை வந்தது.

மலர் பேச்சுவாக்கில் சொன்ன இரண்டு விஷயங்கள் எனக்குள் ஒட்டிக்கொண்டிருந்தன. கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் கேட்டால், அவள் தன் தோளில் புடவையைப் போட்டுக் காட்ட வேண்டும். இன்னொன்று, அவளுக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போய்க்கொண்டிருந்தன.

ஒரு மார்கழிக் காலையில் அந்தக் கதையைச் சொன்னேன். யார் யாருடைய முகூர்த்தப் புடவையையோ தினமும் தோளில் போட்டு நிற்கும் ஒரு பெண். ஊட்டியும் இல்லை, டாக்டரும் இல்லை. கடைசியில் ஓர் அரக்கு நிறப் புடவையோடு கண்ணாடி முன் நின்று அழுவாள்.

மலர் தூங்கவில்லை. பாலம் போயிற்று... சத்திரம் வந்தது... பஸ் கிளம்பியும்விட்டது. அவள் எழுந்திருக்கவே இல்லை. "ஏம்மா, நீங்க சத்திரம்தானே?" என்று கண்டக்டர்தான் கேட்டார்.

என்னோடு பாலக்கரையில் இறங்கினாள்.

"அது நான்தானே?"

"ஆமாடி... வேண்டாம்னா விட்டுடறேன்."

தோள்பையை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"அனுப்பு. ஆனா முடிவு தப்பு. அவ அழமாட்டா. அந்த நேரத்துல கால்தான்டி வலிக்கும். எப்ப உக்காருவோம்னு இருக்கும். புடவையெல்லாம் கண்ணுலயே படாது."

சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் பஸ் பிடிக்க ஓடினாள். லேட்டாகப் போனதற்குக் கடையில் நல்ல திட்டு வாங்கியிருப்பாள். என்னிடம் சொல்லவில்லை.

முடிவை மாற்றி எழுதினேன். இந்த முறை கவர் திரும்பி வரவில்லை. பொங்கலை ஒட்டி வந்த இதழில் என் கதை! சத்திரம் பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய புத்தகத்தைப் பிரித்துப் பெயரைப் பார்த்ததும் இரண்டு பிரதி வாங்கினேன். அப்பா அதை ஆபீஸுக்கு எடுத்துப் போய் எல்லோரிடமும் காட்டினார். பெண் பார்க்க வந்தவர்களிடம், "எங்க பொண்ணு கதை எழுதும், அது தொடரணும்" என்று அவரே பேசினார்.

மலர் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா வந்திருக்குடி" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

ஆனால் அதற்கப்புறம் என்னிடம் நல்ல சேதிகளை மட்டும் சொல்ல ஆரம்பித்தாள்.

வரன் அமைந்தது... சமயபுரத்தில் மாமனார் வீடு... பையன் பிறந்தான்... எல்லாம் சொன்னாள். வருத்தம், சண்டை, பயம் எதுவும் வராது. என் மேல் கோபமில்லை, கொஞ்சம் ஜாக்கிரதை, அவ்வளவுதான். எனக்கும் அது புரிந்தது, அதனால் கேட்கவில்லை.

இப்போது நான் சென்னையில். சில புத்தகங்கள் வந்துவிட்டன. கவரும் ஸ்டாம்பும் போய், போனிலேயே எழுதி போனிலேயே அனுப்பிவிடுகிறேன். முன்பின் தெரியாதவர்கள்கூட, "என் வாழ்க்கையே ஒரு கதை மேடம், எழுதுங்க" என்கிறார்கள். பொறுமையாகக் கேட்கிறேன். இவ்வளவு பேர் சொல்கிறார்கள், அவள் மட்டும் சொல்வதில்லையே என்று ஏக்கமாக இருக்கும்.

போன வாரம் மலருக்குப் போன் செய்தேன். நாங்கள் பஸ்ஸில் போன அந்த நாட்களை இங்கே எழுதிப் போடலாமா என்று கேட்டேன். "தாராளமா போடு" என்றாள். வைக்கும்போது, வழக்கம்போல "வேற என்னடி?" என்றேன்.

எப்போதும் "ஒண்ணுமில்லடி" என்று வைத்துவிடுவாள், அன்று வைக்கவில்லை.

"எழுதமாட்டேன்னு சொல்லு... சொல்றேன்."

எழுதமாட்டேன் என்றேன்.

வெகுநேரம் பேசினாள். நடுவில் அழுதாள், பிறகு சிரித்தாள். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன சொன்னாள் என்று மட்டும் கேட்காதீர்கள்.