சூரியன் தம் உடைத்தபோது

உப்பளம் வட்டாரத்தில் கல்யாணச் சோறு என்றால் பண்டாரி அஃப்சல்தான். அவன் மனைவி மஹீராவோ கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுத்துக்கொண்டே சூரியக்காற்றை ஆராய்கிறவள். "அவன் அடுப்பப் பாக்கறான், இவ சூரியனப் பாக்கறா. ரெண்டு பேருக்கும் பொழப்பு நெருப்புதான்" என்று மாமியார் மஹ்பூபா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அஃப்சலுக்கு அவள் ஆராய்ச்சி புரிந்ததே பிரியாணியை வைத்துத்தான். சூரியனிலிருந்து எந்நேரமும் காற்று வீசுகிறது; பெரும்பாலும் ஹைட்ரஜன், கொஞ்சம் ஹீலியம். தம் போட்டு மூடிய தேக்சாப் பாத்திரத்தின் ஓரத்தில் கசியும் ஆவி மாதிரி. பெரிய வெடிப்பு நடந்து சூரியன் தன் பொருளையே கக்கிவிட்டால், காற்றின் சேர்மானம் மாறிப்போகும். ஹீலியம் பல மடங்கு ஏறும். கொதிப்பில் எலக்ட்ரான்களைப் பறிகொடுத்த இரும்பும் கூட வரும். வழியில் எவ்வளவு குளிர்ந்தாலும் அது இழந்தது திரும்பாது.

"அப்ப அது தம் ஒடைக்கிறதுதான். அடியில கெடந்ததெல்லாம் மேல வருது" என்றான் அஃப்சல். மஹீரா திருத்தப் போனாள். அவன் முகத்திலிருந்த பெருமையைப் பார்த்து விட்டுவிட்டாள்.

ஒரு வியாழக்கிழமை மதியம் பெரிய வெடிப்பு நடந்தது. வெளிச்சம் எட்டு நிமிடத்தில் வந்துவிட்டது. காற்று அப்படி வராது. கைபேசியில் அவனைக் கூப்பிட்டாள்.

"வந்து சேர ரெண்டு நாள் ஆவும் மச்சான்."

"சனிக்கெழமதான? கல்யாணச் சோத்த எறக்கி வச்சிட்டு ஓடியாந்துடறேன். நான் வராம கம்ப்யூட்டரத் தொறக்காத."

தன் கல்யாணத்தன்றே அடுப்படியை எட்டிப் பார்த்து உப்புச் சரிபார்த்த ஆள் அவன். வேலையை விட்டு வருகிறேன் என்று சொன்னதே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை காலை அடுப்புப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மஹீரா இத்தாவில் உட்கார்ந்தாள். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய நாலு மாதச் சொச்சம். மடிக்கணினி மூலையில் கிடந்தது. சூரியக்காற்றை விண்கலம் அளந்து அனுப்பியதெல்லாம் அதில் பார்க்கலாம். பார்க்கவில்லை. வராமல் திறக்காதே என்று சொன்னவன் இனி எங்கே வரப்போகிறான்? அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அவன் சொல்லை மீற மனம் வரவில்லை. பைத்தியக்காரத்தனம்தான். அழுகைக்கு முன்னால் படிப்பு என்ன செய்யும்?

ஒரு மத்தியானம் மஹ்பூபா கணினியைத் தூக்கி வந்து மருமகள் மடியில் வைத்தாள்.

"தொறம்மா. அவன் வரல. நான் வந்திருக்கேன்."

மஹீரா திறந்தாள். சமமாகப் போய்க்கொண்டிருந்த ஹீலியத்தின் கோடு, சனிக்கிழமை சாயங்காலம் விறுவிறுவென்று ஏறியிருந்தது. இரும்பின் கோடும் அப்படித்தான். அவனை அடக்கிவிட்டு ஆண்கள் வீடு திரும்பிய நேரம் அது.

மஹ்பூபா அந்த ஏற்றத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இது அங்கேந்து எப்ப கெளம்புச்சு?"

"வியாழக்கெழம மாமி."

"அப்ப எம்புள்ள இருந்தான்."

"இருந்தாங்க மாமி" என்று சொல்வதற்குள் மஹீரா உடைந்துபோனாள்.