கடை போர்டை மறைத்த பஸ்

மனித முகங்களையும் பூக்களையும் வரைந்து சலித்துப்போய், கண்டி நகரத் தெருக்களை வரையத் தொடங்கினேன். துணிக்கடை முதலாளி ஒருவர் தன் கடைத்தெருவை வரைந்து தரச் சொன்னார். முடித்துக் காட்டினேன்.

“படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. இந்த பஸ்ஸ எடுத்துடுங்க. கடை போர்ட மறைக்குது.”

“பஸ் நிக்காம அந்த ரோட்ட நீங்க பாத்திருக்கீங்களா, முதலாளி?”

அவர் கேட்கவில்லை. எரிச்சலோடு பஸ்ஸை அழித்து, போர்டை எழுத்தெழுத்தாக வரைந்தேன். படத்தைப் பார்த்த அவர் மனைவி, “இது நம்ம ரோடு மாதிரியே இல்லையேங்க” என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “ஒரு பஸ் போட்டுடுங்க தம்பி. கொஞ்சம் தள்ளி, அடுத்த கடைக்கு முன்னுக்கு.”

பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக் கொடுத்தேன். அதைக் கடையில் மாட்டிய நாளிலிருந்து அடுத்த கடைக்காரர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.