இரண்டு பெட்டிகளுக்கு நடுவில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் காதில் கோளாறு எதுவும் கிடையாது. எங்கள் தொழிற்சாலையில் இயந்திர இரைச்சலில் வேலை பார்ப்பவர்களுக்கு வருஷா வருஷம் காதுப் பரிசோதனை உண்டு. அந்த வருஷமும் டாக்டர் பார்த்துவிட்டு, "உமக்கு நாய்க் காதுய்யா" என்றார். மனசில் கோளாறோ என்று சந்தேகப்படுகிறவர்கள் என் மனைவியைக் கேட்டுக்கொள்ளலாம். ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுவாள். 1967 ஐப்பசி மழையில், திருச்சி பாலக்கரையில் ஒரு வீட்டில் எனக்கு நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

என் பெயர் சந்திரசேகர். கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன். எனக்கு இருந்த ஒரே பைத்தியம் ஸ்பீக்கர். ஸ்டீரியோ என்றால் என்னவென்று ஊரில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலருக்குத்தான் அப்போது தெரியும். என் வீட்டுக் கூடத்தில் பலகையை அறுத்து நானே இரண்டு பெட்டிகள் செய்து வைத்திருந்தேன். வந்தவர்களை நடு நாற்காலியில் உட்கார வைத்து, அவர்கள் முழிப்பதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அலாதி சந்தோஷம்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் பரக்கத் அலி பாய் என்னைத் தேடி வந்தார். பெரிய கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். சிங்கப்பூரிலிருந்து அவருடைய மச்சான் ஸ்டீரியோ செட் ஒன்று கொண்டுவந்திருந்தார். கூடவே இரண்டு ஜோடி ஸ்பீக்கர். எதை வைத்துக்கொள்வது, எங்கே வைப்பது என்று நான்தான் சொல்ல வேண்டுமாம்.

பாய்க்குத் தங்க நிறத்தில் கரை போட்ட ஜோடி பிடித்திருந்தது. நான் அதை விரலால் தட்டினேன். காலி டால்டா டின் மாதிரி கணகணத்தது. கறுப்பாக, குட்டையாக இருந்த மற்ற ஜோடியைத் தட்டினேன். தொப் என்றது.

"இதுதான் பாய். பெட்டி பேசக் கூடாது. பாட்டுத்தான் பேசணும்."

"பொண்ணு பார்க்கப் போனப்பகூட நான் இவ்வளவு யோசிக்கலீங்க" என்று சிரித்தார். மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. பழைய சினிமாக் கொட்டகையிலிருந்து நான் வாங்கிக் கொடுத்த பெரிய ஸ்பீக்கர். கனத்த ஓசைக்கு மட்டும். அதற்கு ஒரு தேக்குப் பெட்டி அடித்திருந்தோம்.

வீடு அவர் புதிதாக வாங்கியது. ஆனால் பழைய வீடு. முன்பு ஒரு நகை வியாபாரியுடையது. நடுவில் ஓர் அறை, ஜன்னலே இல்லை. சுவர் முழங்கை நீளத்துக்குத் தடிமன். நகைகள் வைத்திருந்த அறையாம். அதனால் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான். தெருச் சத்தம் ஒரு பொட்டுக்கூட உள்ளே வராது. பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனேன். பண்டிகை வியாபாரம், ஞாயிறு என்றும் பாராமல் கடை திறந்திருந்தது. என்னை அறையில் விட்டுவிட்டுப் பாய் கடைக்குக் கிளம்பினார். வீட்டில் அவர் மனைவி நஜ்முன்னிசாவும், சமையலுக்கு இருந்த ரோசரியும்தான். நஜ்முன்னிசா அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டார். நானும் அவரைப் பார்த்ததே இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து வரும் குரல்தான் தெரியும். அவருக்கும் என்னைக் குரலாகத்தான் தெரியும்.

சுவர்களில் இலவம்பஞ்சு மெத்தைகளைத் தொங்கவிட்டேன். மழை ஈரத்தில் உப்பிய கதவு மட்டும் சட்டத்தில் பொருந்தி நிற்காமல் தானாகத் திறந்துகொண்டே இருந்தது. கதவில் இடைவெளி இருந்தால் கனத்த ஓசை கெட்டுவிடும். ரோசரியைக் கூப்பிட்டேன்.

"வெளியில தாழ்ப்பாள் போட்டுடுங்க. நான் கூப்பிடறப்ப திறந்தாப் போதும். உள்ள தடதடன்னு கேட்கும், பயந்துடாதீங்க."

"சரிங்க சார்."

தாழ்ப்பாள் விழுந்தது. கதவின் மேலும் ஒரு மெத்தையை மாட்டினேன். இதுபோல ஒரு காரியத்தை ஸ்பீக்கர் பைத்தியம் பிடித்தவன் மட்டும்தான் செய்வான்.

வெள்ளைக்காரி ஒருத்தி பாடிய ரெக்கார்டைப் போட்டேன். பெரிய பெட்டியை மூலையிலிருந்து சாண் சாணாக நகர்த்தினேன். மூலையில் இருந்தால் எல்லாமே பானைக்குள் பேசுவது போல இருக்கும். ஓர் இடத்தில் அந்த உறுமல் அடங்கியது. பிறகு சின்னப் பெட்டிகள். இரண்டையும் சரியாக வைத்துவிட்டால், பாடுகிறவள் இரண்டுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில் நிற்பாள். அதுதான் ஸ்டீரியோ.

நின்றாள். ஆனால் நடுவில் இல்லை. கொஞ்சம் இடதுபக்கம். தாழ்வாக... தரையில் உட்கார்ந்திருக்கிற ஆளின் வாய் உயரத்தில்.

ஒயர்களை இடம் மாற்றிப் போட்டேன். இடது வலதானால் குரலும் வலதுக்குப் போக வேண்டும். போகவில்லை. பெட்டிகளையே தூக்கி மாற்றினேன். குரல் அதே இடத்தில்தான். சுவரின் கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவனுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால் போதுமே.

பாட்டு முடிந்தது. முள் தூக்கிக்கொண்டது.

மூச்சு மட்டும் நிற்கவில்லை.

ரெக்கார்டில் பாடகியின் மூச்சு பதிவாகியிருக்கும், சகஜம்தான். ஆனால் முள் மேலே இருந்தது. குனிந்து ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். அதன் கண்ணாடி வால்வுகளின் சிவப்பு மெல்ல மங்கியது.

ஹ்ஹ்... ஹ்ஹ்...

இடதுபக்கம். தாழ்வாக.

கதவுப் பக்கம் திரும்பினேன். அந்த நேரம் பார்த்து விளக்கு போயிற்று. வெளியே மழைக்குக் கரண்ட் போயிருந்தது. உள்ளங்கையை முகத்தருகே கொண்டுவந்தேன். தெரியவில்லை.

மெத்தையைத் தடவிப் பிடித்துப் பிய்த்து எறிந்தேன். கதவைத் தட்டினேன்.

"ரோசரி! திறங்க!"

பதில் இல்லை.

சொன்னால் சிரிப்பீர்கள். அந்தப் பயத்திலும் என் புத்தி ஸ்பீக்கரில்தான் போயிற்று. ஸ்டீரியோவில் நடுவே கேட்கும் குரல் பொய்க் குரல். நாம் நகர்ந்தால் அதுவும் நம்மோடு நகரும். நிஜமான ஆள் நகரமாட்டான். நாம் எங்கே போனாலும் அவன் இருந்த இடத்திலேயே இருப்பான். அது பொய் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

சுவரோடு ஒட்டி வலதுபுறம் நகர்ந்தேன்.

மூச்சு நகரவில்லை.

இன்னும் நகர்ந்தேன். மூலைக்கே போய்விட்டேன்.

நகரவில்லை.

அங்கே யாரோ இருந்தார்கள்.

தொண்டை வறண்டு இருமல் வந்தது. இருமினேன்.

கொஞ்ச நேரம் கழித்து... மூச்சு வந்த இடத்திலிருந்து... அதே இருமல்.

எதிரொலி இல்லை. இத்தனை மெத்தை தொங்குகிற அறையில் எதிரொலி வராது. அது என் இருமல். என் இருமலை யாரோ இருமிப் பார்த்தார்கள்.

"யாரு?" என்றேன்.

"...யாரு?"

என் குரல்தான். கொஞ்சம் பிசகியிருந்தது. பிறகு இன்னொரு தடவை, பிசகில்லாமல்...

"யாரு?"

சுவரைத் தடவிக் கதவுக்கே திரும்பி வந்து, அதில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். என் பெண்ணுக்கு அப்போது மூன்று வயது. அவள் முகம்தான் கண்முன் வந்தது. எப்படியாவது வெளியே போய்விட வேண்டும், வேறு எதுவும் வேண்டாம்.

அப்போது வெளியே காலடி. நஜ்முன்னிசாவின் குரல்.

"சார், டீ போட்டுட்டோம். கதவைத் தொறக்கச் சொல்லட்டுங்களா?"

வாயைத் திறந்தேன்.

அதற்குள் என் குரல் பதில் சொல்லிவிட்டது. அதே இடத்திலிருந்து. நிதானமாக.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்ங்க. தொறக்காதீங்க."

அலறினேன். கையாலும் காலாலும் கதவை இடித்தேன். வெளியே நஜ்முன்னிசா சொன்னது எனக்குக் காதில் விழுந்தது.

"பெட்டியை நகத்துறாரு போல, ரோசரி. டீயை மூடி வை."

காலடிகள் போய்விட்டன.

அவர் பேசியது எனக்குக் கேட்டது. நான் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை...

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் கத்தக் கத்த என் தொண்டை அடைத்துக்கொண்டே வந்தது. அங்கே அந்தக் குரல் தெளிந்துகொண்டே வந்தது.

மூச்சு இப்போது இடதுபக்கம் இல்லை.

கிட்டத்தில் கேட்டது.

இன்னும் கிட்டத்தில்.

என் முழங்காலில் சூடாகப் பட்டது...

"என்னங்க சேகர், இன்னுமா முடியல?"

பாய்! கடையிலிருந்து வந்துவிட்டார்!

எனக்குக் காற்றுத்தான் வந்தது. குரல் வரவில்லை. என் முகத்துக்கு நேர் எதிரே இருந்து என் குரல் சொன்னது:

"பாட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கேன் பாய். தொறக்காதீங்க."

போகத் திரும்பிய காலடி நின்றது.

பிறகு பாய், மெதுவாக:

"கரண்டே இல்லியேங்க... என்ன பாட்டு?"

தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. அரிக்கேன் விளக்கு வெளிச்சம். நான் அவர் காலில் போய் விழுந்தேன். உள்ளே ஸ்டீரியோ செட்டும் மூன்று பெட்டிகளும் நான் உட்கார்ந்து கேட்கப் போட்டிருந்த ஒரு நாற்காலியும்தான் இருந்தன.

நாலு நாள் எனக்குப் பேச்சு வரவில்லை. வேலைக்கும் போகவில்லை. மூன்றாவது வாரம் பாய் கைலாசபுரம் வந்தார். ஆள் இளைத்திருந்தார். குடும்பத்தோடு காட்டூரில் வாடகை வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்.

"அந்த நகை வியாபாரியைப் போய் சட்டையைப் பிடிச்சுட்டேங்க. அப்புறம்தான் வாயைத் தொறந்தாரு."

நகை வியாபாரியிடம் சவரிராயன் என்று ஒரு கணக்குப்பிள்ளை இருந்தாராம். 1954-இல் ஒருநாள் சாயங்காலம் நகைகளைச் சரிபார்க்க அந்த அறைக்குள் போனார். வழக்கப்படி வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். ராத்திரி கேட்டபோது, இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது, திறக்க வேண்டாம் என்றார். காலையில் கேட்டபோதும் அதையே சொன்னார். மத்தியானம் திறந்தார்கள். கதவோடு ஒட்டி இறந்து கிடந்தார். உயிர் போனது முதல் நாள் சாயங்காலமே என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அப்புறம் பதிமூணு வருஷமா, காலி ரூம்ல அந்தாளு குரல் கேக்குமாம். தட்டினா கேக்குமாம். நாங்க ஒரு நாளும் தட்டலீங்க, அதான் தெரியல."

பாய் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"சாமான் ஏத்தின அன்னிக்குக் கடைசியா அந்த ரூமைப் பூட்டினேன். என்ன தோணுச்சோ, அல்லாஹ் அறிவான், தட்டிப் பார்த்தேன்."

"சவரிராயன் குரலா?"

"இல்லீங்க."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"உங்க குரலு. 'பாய், தொறங்க பாய்'னு அழுவுது."

கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தொறந்து பார்த்தீங்களா?"

"பூட்டிட்டு வந்துட்டேங்க" என்றார்.